அப்பாவுக்குப் புரிந்த எல்.பி.டபிள்யூ!

பாளையங்கோட்டையில் எங்க வீட்டு டி.வி.யில் கிரிக்கெட் ஓடினால், வர்ணனை நான்தான்! அங்கே இங்கிலீஷோ இந்தியோ... ஓவருக்கு ஆறு தடவை, ‘‘அவன் என்னலே சொல்லுதான்?’’ என்பார் அப்பா. ரேடியோவில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்டு ரசித்த மனுஷன். டி.வி. வந்து அவரைச் செவிடாக்கிவிட்டது.

2017 மே மாதம் ‘ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ்’ வந்தது. சேனல் என்றால் சும்மாவா? மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வேணும், போட்டிக்குப் போட்டி ஒளிபரப்பு உரிமை வாங்கணும்... அப்புறம்தான் நம்ம பாஷை! அந்த வருஷ டி.என்.பி.எல்.லில் நம்ம சங்கர் நகர் மைதானத்து மேட்ச்சே தமிழில் வந்தது.

பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன்.

‘‘சும்மா இருலே, அவன் சொல்லுதாம்லா!’’

ரெண்டு ஓவர் போயிருக்கும். மெதுவாகத் திரும்பினார்.

‘‘லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்துனா எல்.பி.டபிள்யூ. கிடையாதாம்ல... இத்தனை வருஷமா நீ என்னத்தலே சொன்னே?’’