உங்களுக்குத் தெரியுமா? பழைய எழுதுபெட்டி யாருடையது?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராணுவ அதிகாரிகள் ஊர்ஊராகப் போகும்போது எழுதுபெட்டியையும் கூடவே கொண்டுபோனார்கள். திறந்தால் சரிவான எழுதுபலகை. உள்ளே மைக்கூடு, பேனாத் தட்டு. ஏலத்துக்கு வரும் இந்தப் பெட்டிகளின் பழைய சொந்தக்காரரைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மூடியில் பதித்த பித்தளைத் தகட்டைத்தான். வெறும் இனிஷியல் என்றால் பாடுதான். பெயரோடு படைப்பிரிவும் இருந்தால், அதிகாரிகளின் பெயர்களை அச்சிட்டு வந்த ‘ஆர்மி லிஸ்ட்’டைப் புரட்டலாம். பூட்டில் கிரீடமும் ‘வி.ஆர்.’ எழுத்தும் இருந்தால் விக்டோரியா அரசி காலத்தது (1837–1901). சில பெட்டிகளில் மைக்கூட்டை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பலகையை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் மரத்துண்டு துள்ளி விழும். பின்னால் குட்டிக் குட்டி ரகசிய இழுப்பறைகள். பழைய கடிதம் கிடைத்தால் யோகம்! மை ஒற்றுத்தாள் இருந்தால் வீசிவிடாதீர்கள். கண்ணாடியில் காட்டினால் இடவலம் மாறிய எழுத்து நேராகும்.

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் பெட்டிக்கு இந்தத் துப்பறிதல் தேவைப்படவில்லை. குடும்பத்துக்குள்ளேயே கைமாறி, கனடா வரை போய், 1999இல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தது. ஆஸ்டின் காலத்திலேயே ஒருமுறை, 1798இல் டார்ட்ஃபோர்ட் என்ற ஊரில், அவருடைய எழுதுபெட்டி தவறுதலாக வேறொரு வண்டியில் ஏறிவிட, குதிரையில் ஆள் அனுப்பி மீட்டார்கள். உள்ளே இருந்தது அவர் கைவசமிருந்த மொத்தப் பணம், 7 பவுண்டு.