காதும் கருவியும்: லாரி மெக்கானிக்கின் தொழில்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தின் வாழ்வு லாரித் தொழிலோடு பிணைந்தது. அந்த லாரிகளை ஓடவைக்கும் பட்டறைகளில், தொழிற்பயிற்சி நிலையத்தில் ‘மெக்கானிக் டீசல்’ என்னும் ஓராண்டுப் படிப்பை முடித்தவர்களும், சிறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து மூத்த மெக்கானிக்கிடம் வேலை பழகியவர்களும் அருகருகே உழைக்கின்றனர்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது; சிலிண்டருக்குள் 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றில், இன்ஜெக்டர் எனப்படும் நுண்துளைக் குழல் டீசலைத் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. பழைய லாரிகளில் இன்ஜின் விட்டுவிட்டு ஓடினால், ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே பழுது என்று மெக்கானிக் காதாலேயே தீர்மானித்துவிடுவார்.

இன்றைய லாரியில் இதே பழக்கம் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலைத் தேக்கி வைக்கும் ‘காமன் ரெயில்’ முறையில் அழுத்தம் 1,600 பாரையும், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் 1,600 மடங்கையும் தாண்டக்கூடும். அதில் சிறு கசிவு ஏற்பட்டாலும் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் பாய்ந்துவிடும். ஊசி குத்தியது போலத் தோன்றும் அந்தக் காயத்துக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும். 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ் 6 மாசு விதிகளால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், 32.5 விழுக்காடு யூரியா கலந்த கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் லாரிகளில் சேர்ந்துள்ளன. ஆகவே ஸ்பேனரோடு, இவற்றைக் கண்காணிக்கும் கணினி பதியும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரும் தேவையாகிவிட்டது.

ஸ்கேனரின் விலையும் அதன் மென்பொருளைப் புதுப்பிக்கும் செலவும் பட்டறைக்காரரின் தலையிலேயே விழுகின்றன. வாரன்டி உள்ள புதிய லாரிகளோ நிறுவனங்களின் சர்வீஸ் நிலையங்களுக்கே செல்வதால், புதிய நுட்பம் சிறு பட்டறையின் கைக்குத் தாமதமாகவே வந்து சேர்கிறது. உடலும் விலை கொடுக்கிறது: டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது; ஏர் பிரேக்கின் ஸ்பிரிங் சேம்பரை, உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கைப் பூட்டாமல் பிரித்தால், அது சீறி வெளிப்பட்டு ஆளையே கொல்லக்கூடும்.

எனினும் ஸ்கேனர் அறிகுறியைக் காட்டுமே தவிர, அதன் காரணத்தை எப்போதும் சொல்வதில்லை. ரெயிலில் அழுத்தம் குறைவு என்று அது காட்டினால், குற்றம் அடைத்த பில்டரிலா, தேய்ந்த பம்பிலா, கசியும் இன்ஜெக்டரிலா, அறுந்த ஒயரிலா என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கண்டறிவது மெக்கானிக்கின் வேலையே. விடை தெரியாமல் உதிரிபாகங்களை மாற்றிக்கொண்டே போனால், அந்தச் செலவு முழுவதும் லாரிக்காரரின் கணக்கில் ஏறிவிடும்.