சூளையும் புட்டிங்கும்

வீட்டில் முதன்முதலாக முட்டைப் புட்டிங் செய்து பார்த்தவர்களில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. பால், முட்டை, சர்க்கரை எல்லாம் சரியான அளவில்தான் கலந்திருப்பார்கள். குக்கரில் வைத்து, ‘வெயிட்’டும் போட்டு, நான்கு விசில் வந்ததும் இறக்குவார்கள். திறந்து பார்த்தால், வழவழவென்று இருக்க வேண்டிய புட்டிங் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். நாலு முட்டையும் அரை லிட்டர் பாலும் வீண். “இதற்கெல்லாம் அவன் அடுப்பு வேண்டும், நமக்குச் சரிவராது” என்று அத்துடன் விட்டுவிடுவார்கள்.

குறை அடுப்பில் இல்லை. வெப்பத்தை எவ்வளவு வேகமாக, எந்த வழியாகப் பொருளுக்குள் அனுப்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள விருத்தாசலம் வரை போய் வருவோம், வாருங்கள்.

பெட்டிக்குள் வேகும் மண்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் உள்ள ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் பேர்போன இவ்வூருக்குப் பீங்கான் தொழிலாலும் பெயர் உண்டு. அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் பீங்கான் தொழிற்பேட்டையும் இங்கு அமைந்துள்ளன. அருகே உள்ள நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. மின்சாதனங்களுக்கான பீங்கான் பாகங்களும் பொம்மைகளும் விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்து வெளிவருகின்றன.

ஈரம் காய்ந்த களிமண் கிண்ணம் ஒன்றை நேரே கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் வைத்தால் என்ன ஆகும்? ‘டப்’பென்று வெடித்துவிடும். பார்வைக்குக் காய்ந்த மண்ணிலும் நுண்ணிய துளைகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். அது திடீரென்று ஆவியானால், வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு வரும். ஆகவே சூளையின் வெப்பத்தை முதலில் மிக மெதுவாகவே ஏற்றுவார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. தூய வெண்களியின் எடையில் சுமார் 14 விழுக்காடு, அதன் படிகங்களுக்குள் வேதியியல் முறையில் பிணைந்துள்ள நீராகும். சுமார் 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் இந்நீர் பிரிகிறது. அது பிரிந்த பிறகு களிமண் மீண்டும் களிமண்ணாவதில்லை. எத்தனை நாள் தண்ணீரில் ஊறவைத்தாலும் சுட்ட ஓடு கரையாது. திரும்பி வர முடியாத மாற்றம் அது.

இன்னொரு செய்தி. விறகும் நிலக்கரியும் எண்ணெயும் எரியும் சூளைகளில், மெருகு பூசிய பாத்திரங்களை நெருப்பு நேரே தீண்ட விடமாட்டார்கள். தீக்களிமண்ணால் செய்த கனமான பெட்டிகளுக்குள் அவற்றை அடுக்கி மூடிவிடுவார்கள். இப்பெட்டிக்கு ‘சாகர்’ என்று பெயர். தீ பெட்டியைச் சுடும். பெட்டி உள்ளிருக்கும் பொருளை எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே சீராகச் சுடும். புகையும் சாம்பலும் உள்ளே போகா.

மெதுவாக ஏறும் வெப்பம், இடையில் ஒரு தடுப்பு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்புவோம்.

முட்டைக்குள் நடப்பது என்ன?

முட்டையில் உள்ள புரத மூலக்கூறுகளை நூல் பந்துகளாக எண்ணிக்கொள்ளுங்கள். பச்சை முட்டையில் இவை தனித்தனியே சுருண்டு மிதக்கின்றன. சூடு ஏறும்போது பந்துகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி, ஒரு வலையைப் பின்னுகின்றன. அந்த வலையின் கண்களில் நீர் சிறைப்படுகிறது. நீர்மமாக இருந்த முட்டை கெட்டியாவது இப்படித்தான்.

வெறும் முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்க்கும்போது புரதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன. சர்க்கரை அவை அவிழ்வதையும் தாமதப்படுத்துகிறது. எனவே புட்டிங் கலவை இறுகுவதற்குச் சுமார் 80 முதல் 85 டிகிரி வரை தேவைப்படுகிறது. அதற்கு மேலும் சூடு ஏறினால் வலை இறுகிக்கொண்டே போய்ச் சுருங்கும். ஈரத் துணியைப் பிழிந்தது போல், சிறைப்பட்ட நீர் வெளியேறும். கலவைக்குள்ளேயே ஆவிக் குமிழ்கள் தோன்றி ஓட்டைகளையும் உண்டாக்கும்.

இப்போது குக்கர் புட்டிங் கெட்டுப்போன காரணம் விளங்குகிறதல்லவா? ‘வெயிட்’ போட்ட குக்கரில் வெப்பநிலை சுமார் 120 டிகிரி. புட்டிங்குக்கு வேண்டியதோ 85. ஒருமுறை இறுகிய முட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நம்மால் முடியாது. சுட்ட மண்ணைப் போலவே இதுவும் ஒருவழிப் பாதைதான்.

பாலின் பங்கையும் சொல்ல வேண்டும். பாலுக்குப் பதில் வெறும் தண்ணீரில் முட்டையையும் சர்க்கரையையும் கலந்து வேகவைத்தால் புட்டிங் சரியாக இறுகாது. புரத நூல்கள் ஒன்றையொன்று நெருங்குவதற்குப் பாலில் உள்ள கால்சியம் முதலிய உப்புகள் துணை செய்கின்றன. தண்ணீரோடு சிறிது உப்பைச் சேர்த்தால் அப்போது இறுகும். ஒரு முட்டையைச் செலவிட மனமிருந்தால் மாணவர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

கிண்ணமும் தண்ணீரும்

புட்டிங்குக்குப் பீங்கான் கிண்ணம் ஏன் ஏற்றது? அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தில் நூறில் ஒரு பங்குகூடப் பீங்கானுக்கு இல்லை. அலுமினியக் கிண்ணத்தில் ஓரத்துக் கலவை சட்டென்று சூடாகி, நடுப்பகுதி இறுகும் முன்பே வெந்து கெட்டுவிடும். தடித்த பீங்கான் சுவர் வெப்பத்தைத் தயங்கித் தயங்கி உள்ளே விடுகிறது.

கிண்ணத்தைச் சுற்றி நிற்கும் தண்ணீர் இரண்டாவது காவல். அடுப்பின் சுவாலை எவ்வளவு சூடாக இருந்தாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. சூளையில் சாகர் பெட்டி செய்யும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது.

செய்முறை

காய்ச்சி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பால் அரை லிட்டர், முட்டை 4, சர்க்கரை 100 கிராம், சிறிது ஏலப்பொடி. இந்த அளவு ஆறு சிறு கிண்ணங்களுக்குப் போதும்.

முதலில் கிண்ணங்களை வெந்நீரில் சற்று வைத்து, ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். தனியே நான்கு மேசைக்கரண்டி சர்க்கரையைக் கனமான வாணலியில் உருக்கிப் பொன்னிறமாக்குங்கள். இந்தப் பாகின் சூடு சுமார் 170 டிகிரி. குளிர்ந்த கிண்ணத்தில் ஊற்றினால், உட்புறம் விரிய, வெளிப்புறம் விரியாமல் நிற்க, பீங்கான் விரிசல் விட்டுவிடலாம். கிண்ணத்தை முன்கூட்டியே சூடாக்குவது அதற்காகத்தான். பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளை அருகே விடாதீர்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் கொஞ்சம் பாகை ஊற்றி ஆறவிடுங்கள்.

முட்டையையும் சர்க்கரையையும் நுரை எழாமல் மெதுவாகக் கலக்குங்கள். நுரைத்தால் குமிழிகள் உள்ளே தங்கிவிடும். பாலைச் சேர்த்து, ஏலப்பொடி போட்டு, வடிகட்டிக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். அகலமான பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் கிண்ணங்களை வையுங்கள். கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கிண்ணங்களின் மேல் சிறு தட்டுகளை வைத்து, பாத்திரத்தையும் மூடுங்கள். அடுப்பு சிறு தீயில் எரியட்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்தால் போதும். 25 நிமிடங்களுக்குப் பிறகு பார்க்கத் தொடங்குங்கள்.

வெந்ததா என்று எப்படி அறிவது?

சூளைக்குள் கையை விட்டுப் பார்க்க முடியாது. ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் சேகர் 1886இல் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். களிமண்ணும் உருகு பொருள்களும் கலந்த சிறு கூம்புகளைச் செய்து, பாத்திரங்களோடு சூளையில் வைத்தார். குறித்த அளவு வெப்பம் ஏறியதும் கூம்பின் நுனி தளர்ந்து வளையும். துளை வழியே பார்ப்பவர் கூம்பு வளைந்துவிட்டது என்றால் நெருப்பைத் தணிக்கலாம் என்று அறிந்துகொள்வார். இன்று மின்னணு வெப்பமானிகள் வந்த பிறகும் சூளைகளில் கூம்புகள் பயன்படுகின்றன.

புட்டிங்குக்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. கிண்ணத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் லேசாகத் ததும்பினால் உடனே இறக்கிவிடுங்கள். கிண்ணத்தில் மிச்சமுள்ள சூடே நடுப்பகுதியையும் இறுக்கிவிடும். நடுவும் கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் ஓரம் கெட்டுவிடும். இறக்கிய கிண்ணத்தை ஈரக் கல்மேடையில் வைக்காதீர்கள். திடீர்க் குளிர்ச்சி பீங்கானுக்கு ஆகாது. துணியின் மேலோ பலகையின் மேலோ வைத்து ஆறவிடுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு

நம் வீடுகளில் முட்டையில்லாப் புட்டிங் நெடுங்காலமாகவே உண்டு. அதுதான் சீம்பால். கன்று ஈன்ற பசுவின் முதல் பாலில் ஏறத்தாழ 14 விழுக்காடு புரதம் இருக்கிறது; சாதாரணப் பாலில் 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. வெல்லமும் ஏலமும் சேர்த்து ஆவியில் வைத்தால், வேறு எதுவும் சேர்க்காமலே சீம்பால் கட்டியாகிவிடும். இங்கும் நடப்பது புரத வலைப் பின்னல்தான். மெதுவான சூடு என்ற அதே விதிதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு, கன்றை நோயிலிருந்து காக்கும் எதிர்ப்பொருள்கள். பிறந்த முதல் நாளில்தான் கன்றின் குடல் அவற்றை முழுமையாக உட்கொள்ள முடியும். ஆகவே கன்று வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சியதுதான் நமக்கு.

கடைகளில் கிடைக்கும் கடற்பாசி என்னும் அகர் இதற்கு நேர்மாறானது. கொதிநீரில் கரைந்து, சுமார் 35 முதல் 40 டிகிரிக்கு ஆறும்போது இறுகும். மீண்டும் 85 டிகிரிக்குச் சூடாக்கினால் உருகிவிடும். முட்டை சூட்டில் இறுகுவது, அகர் குளிரில் இறுகுவது. முன்னது திரும்பாது, பின்னது திரும்பும்.

தண்ணீருக்குப் பதில் மணல்

100 டிகிரிக்குள் அடங்கிய சூட்டில் மேல்தோல் பொன்னிறமாகச் சிவக்காது. மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் கூடி நிறமும் மணமும் தர ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அப்போது தடுப்பாகத் தண்ணீர் உதவாது; மணல் உதவும்.

பழைய கனமான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சுத்தமான, காய்ந்த மணலைப் பரப்புங்கள். குக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெறும் சூட்டில் அது கெட்டுவிடும். பாத்திரத்தை மூடிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். 100 கிராம் மைதா, 50 கிராம் பொடித்த சர்க்கரை, 60 கிராம் நெய், 25 கிராம் முந்திரித் தூள் ஆகியவற்றைப் பிசைந்து சிறு வில்லைகளாகத் தட்டி, ஒரு தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மணல் மேல் ஒரு வளையம் வைத்து, அதன் மேல் தட்டை வைத்து மூடி, நடுத்தரத் தீயில் 20 நிமிடம் வேகவிடுங்கள். முந்திரி இந்த வட்டாரத்துப் பயிர்தான். விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் முந்திரி ரகங்களை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மெருகு பூசுவதற்கு முன் ஒருமுறை சுட்ட பீங்கானுக்கும் தொழிலில் ‘பிஸ்கட்’ என்றே பெயர்!

எல்லாக் கிண்ணமும் உணவுக்கு அல்ல

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பீங்கானின் பளபளப்பு அதன் மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சினால் வருவது. உயர்ந்த வெப்பநிலையில் சுடும் பாத்திரங்களில் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் உருகி இப்பூச்சாகிறது. குறைந்த சூட்டிலேயே பளபளப்புப் பெறுவதற்கு ஈய ஆக்சைடைச் சேர்க்கும் முறையும் உலகெங்கும் நெடுநாளாக உண்டு. இத்தகைய பூச்சு சரியாக வேகாவிட்டால் புளி, எலுமிச்சை, ஊறுகாய் போன்ற புளிப்புப் பொருள்கள் அதிலுள்ள ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆகவே எந்த ஊரில் வாங்கினாலும், “இது சமையலுக்கா, அலங்காரத்துக்கா?” என்று கேட்டு வாங்குங்கள். பொம்மை, விளக்கு, பூச்சாடி இவற்றில் உணவு வைக்காதீர்கள். உட்பூச்சு விரிந்தோ உதிர்ந்தோ போன கிண்ணத்தைச் செடி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அவன் அடுப்பு இல்லாத வீடுகளே நம் நாட்டில் அதிகம். அதனால் புட்டிங்கும் பிஸ்கட்டும் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு நல்ல பீங்கான் கிண்ணம், கொஞ்சம் தண்ணீர் அல்லது மணல், தீயைத் தணித்து வைக்கும் பொறுமை, இவை இருந்தால் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறு கிண்ணங்களில் இரண்டைத் தளதளவென்று கொதிக்கும் நீரிலும் நான்கை அடங்கிய நீரிலும் வேகவைத்துப் பாருங்கள். இதுவரை படித்தது அனைத்தும் ஒரு கரண்டியில் விளங்கிவிடும்.