பாறை பெயர்ந்தா யார் வந்து பாப்பாங்க?

போன டிசம்பர்ல நாங்க ஆறு பேர் கர்நாடகப் பக்கம் ஒரு மணற்கல் பாறைக்கு ஏறப் போயிருந்தோம். என் ரூம்மேட் மேல ஏறிக்கிட்டிருந்தான், நான் கீழ கயிறு பிடிச்சிட்டிருந்தேன். பத்து மீட்டர் உயரத்துல அவன் பிடிச்சிருந்த கல் கையோட வந்துருச்சு. "கல்லு!"ன்னு கத்தினான். டிபன் பாக்ஸ் சைஸ் இருக்கும். எங்க பைகளுக்குப் பக்கத்துல விழுந்து ரெண்டா உடைஞ்சுது. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அதே இடத்துல ஒருத்தன் உக்காந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுட்டிருந்தான்.

கொஞ்ச நேரத்துல பக்கத்துப் பாறையில ஏறிட்டிருந்த ஒரு அண்ணன் வந்தார். அண்ணாந்து ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் முதல் போல்ட்ல ஒரு சிவப்புத் துணியைக் கட்டிட்டு, "இதுல இப்போதைக்கு யாரும் ஏற வேண்டாம்"னு சொன்னார். "அண்ணா, நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"ன்னு கேட்டேன். "இல்ல தம்பி, நானும் உங்கள மாதிரி ஏற வந்தவன்தான்"னார்.

அந்தப் பதில் மண்டையிலேயே நின்னுடுச்சு. அப்போ இந்த போல்ட்டையெல்லாம் யார் போட்டது? பாறை உடைஞ்சா யார் சரி பண்றது? திரும்பி வந்து தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம்

ஸ்போர்ட் கிளைம்பிங்னா, பாறையில ஏற்கனவே துளை போட்டு போல்ட் பொருத்தியிருப்பாங்க. ஏறுறவர் ஒவ்வொரு போல்ட்டுலயும் கொக்கி மாட்டி, அதுல தன் கயிறைக் கோத்துக்கிட்டே மேல போவார். உச்சியில ரெண்டு போல்ட் சேர்ந்த ஒரு ஆங்கர் இருக்கும். அதுல கயிறைப் போட்டு இறங்கிடலாம். இப்படி போல்ட் வரிசையா போட்ட ஒரு பாதைக்குப் பேர் 'ரூட்'.

போல்ட் எவ்வளவு தாங்கும்? ஐரோப்பியத் தரப்படி, பக்கவாட்டு இழுப்புக்கு 25 கிலோநியூட்டன் தாங்கணும். கிட்டத்தட்ட ரெண்டரை டன் எடையைத் தொங்கவிடற மாதிரி. ஆனா அந்தச் சோதனையை கான்கிரீட் கட்டியில போல்ட்டைப் போட்டுத்தான் பண்றாங்க. போல்ட்டுக்கு சர்டிபிகேட் இருக்கு. நீங்க ஏறுற பாறைக்கு எந்த சர்டிபிகேட்டும் கிடையாது.

பாறை ஏன் பெயருது?

மழைத் தண்ணி விரிசலுக்குள்ள தேங்கி அழுத்தும். குளிர் நாடுகள்ல அந்தத் தண்ணி உறைஞ்சு 9 சதவீதம் வரை விரியும். மரத்தோட வேர் ஆப்பு மாதிரி இறங்கும். இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான். எனக்குப் புதுசா இருந்தது வெயில்.

அமெரிக்காவுல யோசெமிட்டி பள்ளத்தாக்குல பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக்னு ரெண்டு ஆய்வாளர்கள், மலையை ஒட்டி நின்ன ஒரு கிரானைட் பலகையில அளவிகளைப் பொருத்தி மூணு வருஷத்துக்கு மேல கண்காணிச்சாங்க. அந்தப் பலகை 19 மீட்டர் உயரம், தடிமன் வெறும் 10 சென்டிமீட்டர். 2016ல வெளியான அவங்க ஆய்வுப்படி, பகல் சூட்டுல அது மலையிலிருந்து விலகும், ராத்திரி திரும்ப ஒட்டும். ஒரே நாள்ல ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் இந்த ஆட்டம். வருஷம் போகப் போக முழுசா பழைய இடத்துக்குத் திரும்பறதில்ல. மெக்கானிக்கல் மக்களே, நம்ம ஃபெட்டீக் பாடம்தான் இது. மழை, நிலநடுக்கம் எதுவும் இல்லாத வெயில் நாள்லயும் பாறை ஏன் விழுதுங்கறதுக்கு இது ஒரு பதில்.

அதே யோசெமிட்டியில ஹாஃப் டோம்னு ஒரு பிரம்மாண்டமான மலை. அதோட வடமேற்கு முகத்துல 1957ல ராயல் ராபின்ஸ் உட்பட மூணு பேர் முதன்முதலா ஏறின பிரபலமான பாதை ஒண்ணு இருக்கு. 2015 ஜூலையில அந்தப் பாதையில ஏறப் போனவங்க நடுவுல ரெண்டு கட்டத்தையே காணோம்னு பாத்தாங்க. சுமார் 200 அடி உயரம், 100 அடி அகலத்துக்குப் பாறை பெயர்ந்து போயிருந்துச்சு. அது ஸ்போர்ட் ரூட் இல்ல. ஆனா பிரச்சினை அதேதான்: பாதை போச்சு, இப்போ என்ன பண்றது? ஏறுறவங்களே இடிஞ்ச பகுதியைச் சுற்றி மாற்று வழி தேடி, போல்ட் போட்டு, பாதையைத் திரும்ப இணைச்சாங்க.

சரி, எப்படிப் பழுது பாக்கறாங்க?

ஒண்ணு: காத்திருக்கறது. கேக்க சப்பையா இருக்கும், ஆனா ரொம்ப முக்கியம். ஒரு துண்டு விழுந்துட்டா அது தாங்கிட்டிருந்த பக்கத்துப் பாறைக்கு சுமை மாறும். எல் கேப்பிட்டன்ல 2017 செப்டம்பர் 27ல நடந்த சரிவுல ஒருத்தர் இறந்துபோனார். அடுத்த நாளே அதைவிடப் பல மடங்கு பெரிய சரிவு. அதனால முதல் வேலை ரூட்டை மூடி எல்லாருக்கும் தகவல் சொல்றதுதான். அந்தச் சிவப்புத் துணியோட அர்த்தம் எனக்கு இப்போதான் புரியுது. மணற்கல்லா இருந்தா மழைக்கு அப்புறமும் காத்திருக்கணும், ஈரத்துல அது பலம் இழக்கும்.

ரெண்டு: சுத்தம் பண்றது. அனுபவம் உள்ளவங்க மேலிருந்து கயிறுல இறங்குவாங்க. கீழ யாரும் வராம ரெண்டு பேர் காவல். சுத்தியலால பாறையைத் தட்டிக்கிட்டே வருவாங்க. மண்பானை வாங்கும்போது பாட்டி தட்டிப் பாப்பாங்களே, அதே டெக்னிக். கணீர்னு கேட்டா திடமான பாறை. பொத்துன்னு கேட்டா உள்ள வெற்றிடம். ஆடற கல்லைக் கடப்பாரையால நெம்பித் தள்ளிடுவாங்க. தங்களோட கயிறு அந்தக் கல் விழற வழியில இருக்கக் கூடாது.

மூணு: பழைய போல்ட்டைச் சந்தேகப்படறது. பாறை பெயர்ந்தப்போ பக்கத்து போல்ட்டுகள்ல கல் மோதியிருக்கலாம். இல்ல, போல்ட் நல்லா இருந்தும், முன்னாடி திடமா இருந்த இடம் இப்போ புது விளிம்புக்குப் பக்கத்துல வந்திருக்கலாம். விளிம்புக்குக் கிட்ட இருக்கற போல்ட்டை இழுத்தா, போல்ட் உடையாது, பாறை கூம்பு மாதிரி பிளந்து வரும். சிவில் மக்களுக்கு ஆங்கர் போல்ட் டிசைன்லயே இது தெரிஞ்சிருக்கும்.

நாலு: புது போல்ட். ரெண்டு வகை. ஒண்ணு, முறுக்கினா உள்ள விரிஞ்சு இறுகறது. கிரானைட் மாதிரி கடினப் பாறைக்கு அது போதும். மென்மையான மணற்கல்லுல அந்த விரிசல் அழுத்தமே பாறையை உடைக்கலாம், அதனால நீளமான போல்ட்டைப் பசை வெச்சு ஒட்டுவாங்க. இங்க பெரிய எதிரி தூசி. துளையை ஊதி, பிரஷ் போட்டு, திரும்ப ஊதிச் சுத்தம் பண்ணலைன்னா பசை பாறையில ஒட்டாது, தூசியிலதான் ஒட்டும். பசை காயற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. யோசெமிட்டியில மோட்டார் டிரில்லுக்குத் தடை, கையால சுத்தியல் அடிச்சேதான் துளை போடணும்.

உலோகமும் முக்கியம். தாய்லாந்துல ரெய்லே, டொன்சாய் கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகள்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளே ஸ்ட்ரெஸ் கரோஷன்ல உடைஞ்சுது. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள விரிசல் ஓடியிருக்கும். அதனால தன்னார்வலர்கள் டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாத்தினாங்க.

காசு யார் தர்றது?

பெரும்பாலும் ஏறுறவங்களேதான். அமெரிக்காவுல 1998ல ஆரம்பிச்ச அமெரிக்கன் சேஃப் கிளைம்பிங் அசோசியேஷன், நன்கொடை வாங்கி, போல்ட் வாங்கி, மாத்தற தன்னார்வலர்களுக்குக் கொடுக்குது. பிரிட்டன்ல மலையேற்றக் கவுன்சில் 2005ல ஹார்ஸ்ஷூ குவாரிங்கற பழைய சுண்ணாம்புக் குவாரியை விலைக்கே வாங்கிடுச்சு. ஒரு போல்ட்டோட விலை பெரிசில்ல. ஆனா ஒரு ரூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு போல்ட், டிரில், பேட்டரி, பசை, பஸ் செலவு, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

சண்டையும் உண்டு. போல்ட்டை இடம் மாத்தறதுக்கு முன்னாடி முதல்ல அந்த ரூட்டைப் போட்டவர்கிட்ட கேக்கணும்ங்கறது மரபு. உடைஞ்ச பிடியைத் திரும்ப ஒட்டலாமா? சிலர் சரிங்கறாங்க. சிலர், "இயற்கை மாத்தினா மாத்தினதுதான், ரூட் கஷ்டமானா நீ பலமாகு"ங்கறாங்க. எனக்கு ரெண்டாவது கட்சி நியாயமா படுது. ஆனா பாதுகாப்புக்காக போல்ட்டை நகர்த்தறதுல எனக்கு எந்தத் தயக்கமும் இல்ல.

நீங்க என்ன பண்ணலாம்?

தயவுசெஞ்சு டிரில்லைத் தூக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. யூடியூப் பாத்து போட்ட போல்ட், இல்லாத போல்ட்டைவிட ஆபத்து, ஏன்னா அடுத்தவன் அதை நம்பி ஏறுவான். உங்களால முடிஞ்சது நிறைய இருக்கு. ஆடற கல், சுத்தற போல்ட், துரு எதைப் பாத்தாலும் போட்டோ எடுத்து, ரூட் பேர், கீழிருந்து எத்தனாவது போல்ட்னு குறிச்சு, அங்க வழக்கமா ஏறுறவங்களுக்கு அனுப்புங்க. மூடியிருக்கற ரூட்ல ஏறாதீங்க. சுத்தம் பண்ற நாள்ல கீழ காவல் நிக்கவும் ஆள் வேணும், அதுக்கு அனுபவம் தேவையில்ல.

நாங்க உடைஞ்ச கல்லோட போட்டோவை அந்த அண்ணனுக்கு அனுப்பினோம். மார்ச்ல பதில் வந்துச்சு: பக்கத்துல இன்னும் ரெண்டு கல் ஆடுது, வெயில் குறைஞ்சதும் சுத்தம் பண்றோம், காவலுக்கு ஆள் வேணும். செம் முடிஞ்சதும் நாலு பேர் போறோம். இந்த தடவை எல்லாருக்கும் ஹெல்மெட் இருக்கு. எலுமிச்சை சாதம் பாறையிலிருந்து தள்ளி, மரத்தடியிலதான்.