பாட்டனார் பறந்த விமானம்

வரலாறு நூல் நிலையங்களில் மட்டும் உறைவதன்று. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பெட்டியிலும் அது உறைகின்றது. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணிபுரிந்த ஒருவரின் இல்லத்தில் நிறம் மங்கிய புகைப்படம் ஒன்று இருக்கும். நாடா இற்றுப்போன பதக்கம் ஒன்று இருக்கும். "எங்கள் பாட்டனார் பகைவரின் விமானங்கள் பலவற்றை வீழ்த்தியவர்" என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதையும் ஒன்று இருக்கும். அக்கதை உண்மைதானா? உண்மையாயின், எந்த அளவிற்கு உண்மை? இதனை ஆராய்ந்து அறியும் முறையை ஒரு படையணியைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

பிரிட்டனின் அரச விமானப் படையில் 264ஆம் படையணி என்று ஒன்று இருந்தது. அதன் எண்ணோடு 'சென்னை மாகாணம்' என்ற பெயரும் சேர்த்து வழங்கப்பட்டது. 79, 234 என்ற எண்களைக் கொண்ட படையணிகளும் இப்பெயரைத் தாங்கின. ஆயினும், இவற்றில் பறந்தவர்கள் சென்னையைச் சேர்ந்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. போர்ச் செலவிற்கென நம் மாகாணத்தார் திரட்டி அளித்த பொருளைப் பாராட்டி இடப்பட்ட பெயர் அது. பொருள் வந்த இடத்தை அப்பெயர் குறிக்கிறதே அல்லாமல், ஆள் வந்த இடத்தைக் குறிக்கவில்லை. பெயரைக் கண்ட மாத்திரத்தில் முடிவு கட்டலாகாது என்பதே ஆராய்ச்சியின் முதற் பாடம்.

264ஆம் படையணி 1939 அக்டோபர் இறுதியில் மீண்டும் அமைக்கப்பட்டது. 'டிஃபயன்ட்' என்னும் விமானம் அதற்கு அளிக்கப்பட்டது. மற்றப் போர் விமானங்களில் ஓட்டுபவரே சுடுபவராகவும் இருப்பார். டிஃபயன்டிலோ இருவர் அமர்ந்தனர். முன்னே விமானி, அவருக்குப் பின்னே, நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய சுழலும் கூண்டினுள் துப்பாக்கி வீரர். முன்னோக்கிச் சுடுவதற்கென விமானிக்குத் தனித் துப்பாக்கி இல்லை. ஆகவே, இப்படையணியைப் பொறுத்தவரை, "என் பாட்டனார் வீழ்த்தினார்" என்று ஒரு குடும்பம் கூறுமானால், அதே விமானத்தைப் பற்றி அதே சொல்லை மற்றொரு குடும்பமும் கூறும் உரிமை உடையது.

இனி, தேடுவோர் செல்ல வேண்டிய வழியைக் காண்போம். முதலில் அறிய வேண்டுவது வீரரின் பணி எண். ஒரே பெயர் உடையவர் பலர் இருப்பர். ஒரே பணி எண் உடையவர் இருவர் இரார். பதக்கப் பெட்டியிலோ பழைய கடிதங்களிலோ அந்த எண் கிடைக்கலாம். அதனைக் கொண்டு அவருடைய பணிப் பதிவேட்டைப் பெற்றால், எந்தத் தேதியில் எந்தப் படையணியில் சேர்ந்தார், எப்பொழுது மாற்றப்பட்டார் என்பன விளங்கும். தேதி இன்றியமையாதது. 1940இல் டிஃபயன்டில் பறந்த இப்படையணியே 1942இல் 'மஸ்கிட்டோ' என்னும் விமானத்திற்கு மாறியது. தேதி தெரியாதவன் பாட்டனாரைத் தவறான விமானத்தில் ஏற்றிவிடுவான்.

அடுத்தது, பறந்தவர் தம் கையாலேயே எழுதி வந்த பறப்புக் குறிப்பேடு. நாள், விமானத்தின் வகை, அதன் எண், சென்ற பணி, பறந்த நேரம் ஆகிய அனைத்தும் அதில் வரிசையாகப் பதியப்பட்டிருக்கும். மூன்றாவது, படையணியே எழுதி வைத்த நடவடிக்கைப் பதிவேடு. இது லண்டன் நகரின் கியூ என்னும் பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி நாள்தோறும் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லும். மற்றொரு பகுதி, இன்ன எண்ணுள்ள விமானத்தில் இன்னார் இத்தனை மணிக்குப் புறப்பட்டு இத்தனை மணிக்குத் திரும்பினர் என்று விரித்துரைக்கும். வீரரின் குறிப்பேட்டையும் படையணியின் பதிவேட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். போர் நெருக்கடியில் எழுதிய ஏடுகளில் எண்ணும் பெயரும் மாறிவிடுவதுண்டு. இரண்டும் ஒத்துப்போகும் இடமே உறுதியான இடம்.

புகைப்படத்திலுள்ள விமானத்தை அடையாளம் காண்பதிலும் நுட்பம் உண்டு. அதன் உடலில் பெரிய எழுத்துகள் மூன்று தீட்டப்பட்டிருக்கும். முதல் இரண்டும் படையணியைக் குறிக்கும். 264க்கு உரியவை 'பி', 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்துகள். மூன்றாவது எழுத்து படையணிக்குள் அந்த விமானத்தைக் குறிக்கும். ஆனால் ஒரு விமானம் அழிந்தால், அதன் எழுத்து அடுத்து வரும் விமானத்திற்குச் சூட்டப்படும். வால் பக்கத்தில் சிறிதாக எழுதப்பட்ட தொடர் எண்ணே மாறாத அடையாளம். டிஃபயன்ட் விமானங்கள் 1,064 கட்டப்பட்டன. அவற்றுள் முழு உருவில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. அதுவும் போலந்து வீரர்களைக் கொண்ட 307ஆம் படையணியில் பறந்தது. ஆதலின் 264ஆம் படையணியாரின் பேரர்களுக்குத் தொட்டுப் பார்க்க விமானம் இல்லை. படித்துப் பார்க்க ஏடுகளே உள்ளன.

அந்த ஏடுகள் நம் விருப்பத்திற்கு இணங்கியே பேசும் என்பதில்லை. 1940 மே 29ஆம் நாள், டன்கர்க் கடற்கரையிலிருந்து நேச நாட்டுப் படைகள் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். அவற்றைக் காக்கச் சென்ற இப்படையணி, ஒரே நாளில் பகைவரின் விமானங்கள் 37ஐ வீழ்த்தியதாக அறிவித்தது. பிற்காலத்தில் ஜெர்மானியரின் இழப்புப் பதிவேடுகளோடு ஒத்துப்பார்த்தபொழுது, உண்மை எண் மிகவும் குறைவு என்பது தெரிந்தது. அங்ஙனமாயின் வீரர்கள் பொய் உரைத்தனரா? இல்லை. விமானங்கள் கூட்டமாகப் பறந்தன. ஒரே இலக்கைப் பல கூண்டுகளிலிருந்து பலர் சுட்டனர். எரிந்து விழுந்த ஒன்றைக் கண்டவர் ஒவ்வொருவரும் தம் குண்டே பட்டதென்று நம்பினர். விரைவும் புகையும் உயிரச்சமும் நிறைந்த வானில் கண்ட காட்சி அது. கண்டவர் நேர்மையாளராக இருந்தும் கணக்குத் தவறாகலாம். ஆகவேதான், வெற்றியைச் சொல்பவரின் ஏட்டோடு இழப்பைச் சொல்பவரின் ஏட்டையும் படிக்க வேண்டும்.

எண் குறைந்ததனால் பாட்டனாரின் பெருமை குறைந்ததா? இதற்கும் ஏடுகளே விடை தருகின்றன. அதே மே மாதம் 13ஆம் நாள் டச்சு நாட்டின் மீது சென்ற இப்படையணியின் ஆறு டிஃபயன்டுகளில் ஐந்து திரும்பவில்லை. ஆகஸ்டு 24ஆம் நாள் படைத்தலைவர் பிலிப் ஹன்டர் பறந்து சென்றவர் திரும்பவே இல்லை. அந்த மாத இறுதிக்குள் இழப்புகள் மிகுந்தமையால், டிஃபயன்ட் பகற்போரிலிருந்து நீக்கப்பட்டு இரவுக் காவலுக்கு மாற்றப்பட்டது. முன்னோக்கிச் சுட இயலாத விமானம் இது என்பதை அறிந்திருந்தும், மறுநாள் காலையில் அதே இருக்கையில் ஏறி அமர்ந்தவர்கள் அவ்வீரர்கள். பதிவேட்டில் புறப்பட்ட நேரம் எழுதப்பட்டு, திரும்பிய நேரத்திற்கு உரிய இடம் வெற்றிடமாக இருக்கும் ஒரு வரி, 37 என்ற எண்ணைக் காட்டிலும் அவர்களுடைய வீரத்தை நன்கு உரைக்கும்.

கல்லறை அறியப்படாத வீரர்களுக்கும் நினைவிடம் உண்டு. இங்கிலாந்தில் ரன்னிமீட் என்னும் இடத்தில் 1953இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபத்தில் அத்தகைய விமானப் படையினர் இருபதினாயிரத்திற்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தேடல் சிலருக்கு அங்கேதான் முடிகிறது.

மாணவர்களே! உங்கள் குடும்பத்திலும் படைக்குச் சென்றவரோ, கடல் கடந்து உழைத்தவரோ இருக்கலாம். அவரைப் பற்றிய கதையை முதலில் அன்போடு கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். பின்னர் ஏடுகளை நாடுங்கள். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சோதியுங்கள். கதையில் ஏதேனும் உதிர்ந்து போனால் வருந்த வேண்டா. உதிர்ந்தது போக எஞ்சி நிற்பதே நம் முன்னோர் உண்மையாக வாழ்ந்த வாழ்வு. அதனை அறிந்து போற்றுவதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.