கருக்கலைப்பு: சட்டமும் பாவமும் நமது பெண்களும்

"மிஸ், டவுனுல மாத்திர விக்கிறாங்களாம். வாங்கிப் போட்டா பொலிஸ் புடிக்குமா?"

2012ஆம் ஆண்டில், தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு சகோதரி என்னிடம் இப்படிக் கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவரது பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். 2009இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, பிறகு இரண்டு பிள்ளைகளோடு தாய்வழி உறவினரைத் தேடி இங்கு வந்தார். தோட்டத்தில் வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஆள் அதற்கு விலை கேட்டான். இவர் மறுத்தும் விடவில்லை. அதற்குப் பெயர் பாலியல் வல்லுறவு. அவரோ "நடந்து போச்சு மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் உள்ள பதில் இதுதான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதைத் தவிர, வேறு எக்காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பது குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு வருடம் வரை சிறை. செய்பவருக்கு மட்டுமல்ல, தானாகவே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் இது பொருந்தும். வல்லுறவினால் வந்த கரு என்றாலும் விலக்கு இல்லை. வெள்ளைக்காரன் எழுதிய அந்த வரிகள் இன்றுவரை மாறவில்லை.

மாற்ற முயன்றார்கள். 1995இல் நீதியமைச்சராக இருந்த ஜீ. எல். பீரிஸ் கொண்டுவந்த திருத்தத்தில், வல்லுறவு, முறைதகாப் புணர்ச்சி, கருவின் பாரதூரமான குறைபாடு ஆகிய காரணங்களுக்கு அனுமதி கொடுக்கும் வாசகமும் இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழ, அந்த வாசகத்தை மட்டும் கழற்றிவிட்டு மிகுதியை நிறைவேற்றினார்கள். அந்த மிகுதி நல்ல சட்டம்தான். அதனால்தான் முறைதகாப் புணர்ச்சி நமது நாட்டில் தனிக் குற்றமாயிற்று, சம்மத வயதும் 16 ஆக உயர்ந்தது. ஆனால், தகப்பனால் கெடுக்கப்பட்ட மகள் கர்ப்பமானால் அவள் பெற்றே ஆகவேண்டும் என்பதும் அன்றே உறுதியாயிற்று. 2017இல் வல்லுறவுக்கும், உயிர் தப்ப வழியில்லாத குறைபாடுள்ள கருவுக்கும் அனுமதி வழங்கும் யோசனை மீண்டும் வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதுவும் கிடப்பில் போனது.

எதிர்ப்பவர்களை நான் கெட்டவர்களாக எண்ணவில்லை. கரு உண்டான நேரத்திலேயே உயிர் வந்துவிட்டது என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. பௌத்தர்களுக்குக் கொல்லாமை முதலாவது சீலம். நமது லயத்துப் பெரியவர்களும் சிசுவைக் கொல்வது ஏழு தலைமுறைப் பாவம் என்பார்கள். மலையகத்தில் இன்னொரு பயமும் உண்டு. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், 1964இல் ஒப்பந்தம் போட்டு இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பின்னர் ஊக்கப்பணம் காட்டித் தோட்டத்துப் பெண்களை லொறியில் ஏற்றிக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனதை நமது அம்மாமார் இன்றும் சொல்வார்கள். "இப்ப இருக்கிற கொஞ்சப் புள்ளைங்களையும் கலைக்கச் சொல்றீங்களா?" என்று ஒரு கூட்டத்தில் ஓர் அம்மாயி என்னைக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகுதான் யோசித்தேன். பெறாதே என்று லொறியில் ஏற்றியபோதும் அவளைக் கேட்கவில்லை. பெற்றே தீரு என்று சொல்லும்போதும் அவளைக் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த நாடொன்று இதை எப்படிக் கையாண்டது என்பதற்கு பங்களாதேஷ் ஓர் உதாரணம். 1971 யுத்தத்தில் அங்கே பெருந்தொகையான பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். அங்கிருந்ததும் பிரித்தானியர் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டம்தான். ஆயினும் 1972இல் அரசு அந்தத் தடையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, அப்பெண்களுக்குக் கருக்கலைப்பை அனுமதித்தது. வெளிநாட்டு வைத்தியர்களும் வந்து உதவினார்கள். பிறந்த பிள்ளைகள் பலர் கனடா போன்ற நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அங்கும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். குடும்ப மானம், நாட்டு மானம் என்று மற்றவர்களே முடிவெடுத்த சந்தர்ப்பங்கள் ஏராளம். பிள்ளையை வைத்துக்கொள்ள விரும்பிய தாயும் அங்கே இருந்திருப்பாள்.

நமது நாட்டில் சட்டம் தடுக்கிறது என்பதற்காகக் கருக்கலைப்பு நடக்காமல் இல்லை. நாளொன்றுக்கு 650க்கு மேல் நடப்பதாக மதிப்பீடுகள் சொல்லுகின்றன. பெரும்பாலோர் திருமணமாகிப் பிள்ளை பெற்ற பெண்கள். காசுள்ளவர் கொழும்பில் இரகசியமாக முடித்துக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போகிறார். நாட்சம்பளக்காரி யாரோ தரும் குளிசையை விழுங்குகிறாள், அல்லது கம்பியும் குச்சியும் வைத்திருப்பவரிடம் போகிறாள். இலங்கையில் கர்ப்பகால மரணங்களுக்கு முக்கிய காரணங்களில் ஒன்றாக, கருக்கலைப்பினால் ஏற்படும் கிருமித் தொற்று நீண்டகாலமாக இருந்து வந்திருக்கிறது.

அந்தச் சகோதரியும் என்னிடம் கேட்ட நான்காம் நாள் குளிசையைப் போட்டுவிட்டார். கடும் காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு. பொலிசுக்குப் பயந்து இரண்டு நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளை விடவும் வரவில்லை என்று தெரிந்துதான் நாங்கள் போய்ப் பார்த்தோம். முச்சக்கரவண்டியில் ஏற்றும்போதும் "விழுந்துட்டேன்னு சொல்லுங்க மிஸ்" என்றார். பிழைத்துக்கொண்டார். முறைப்பாடு செய்ய அவர் இறுதிவரை சம்மதிக்கவில்லை. அந்த ஆள்மீது ஒரு வழக்கும் இல்லை. 303ஆம் பிரிவுக்குப் பயந்தவர் அவர் மட்டும்தான்.

இதை வாசிக்கும் சகோதரிகள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருங்கள். வல்லுறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால், கரு தங்காமல் தடுக்கும் குளிசை பெறலாம். பாமசியிலும் கிடைக்கும். அது கருக்கலைப்பு அல்ல, குற்றமும் அல்ல. கரு எந்த வகையில் கலைந்திருந்தாலும், காய்ச்சல், துர்நாற்றத்துடன் நீர் படுதல், அடிவயிற்று வலி, அதிக இரத்தப்போக்கு இருந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம். சிகிச்சை அளிப்பது வைத்தியசாலையின் கடமை, அதைப் பெறுவது உங்கள் உரிமை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்று பல அரசாங்க வைத்தியசாலைகளில் "மிதுறு பியச" எனும் நிலையம் இருக்கிறது. மகளிர் உதவி இலக்கம் 1938. தனியாகப் போகப் பயமாக இருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்துக்கொண்டு போங்கள்.