பெட்டியில் வந்து சேரும் விமானம்

எமது ஊர்த் தச்சுப் பட்டறைகளில் முதிரைக் கதவுகளும் பாலை மரத் தூண்களும் உருவாவதைப் பார்த்திருக்கிறோம். அதே வாளையும் சீவுளியையும் கொண்டு ஒருவர் தமது வீட்டுக் கொட்டகையில் ஆகாய விமானம் ஒன்றைச் செய்து, அதில் தாமே ஏறிப் பறக்கிறார் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் வெய்ன் ஐசன் என்பவர் 1980களில் வடிவமைத்த ‘மினி மேக்ஸ்’ அத்தகைய ஒரு விமானம். ஒருவர் மட்டுமே அமரலாம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 25 அடி. இதை முழு விமானமாக வாங்க வேண்டியதில்லை. மரச்சட்டங்கள், மெல்லிய ஒட்டுப்பலகை, ஆணி, கம்பி, வரைபடம் யாவும் அடங்கிய பாகத்தொகுதியாக வாங்கலாம். பொருத்துவது வாங்கியவரின் வேலை.

அந்நாட்டில் 1982ஆம் ஆண்டு முதல் மிக இலகு விமானங்களுக்குத் தனிச்சட்டம் உள்ளது. ஓர் இருக்கை மட்டுமே இருக்கலாம். வெறும் விமானத்தின் நிறை 115 கிலோகிராமுக்குள் அடங்க வேண்டும். பெற்றோல் சுமார் 19 லீற்றர்தான். 115 கிலோகிராம் என்பது ஏறக்குறைய இரண்டு நெல்மூட்டைகளின் பாரம். அதற்குள் இறக்கை, உடல், வால், சில்லு, இயந்திரம் அனைத்தும் அடங்க வேண்டும்!

ஆகவே மரத்தைத் தெரிவு செய்வதிலேயே வேலை தொடங்குகிறது. எமது பாலை மரம் மிகவும் உறுதியானது. ஆனால் நீரில் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனமானது. விமானத்துக்கு ஏற்றது குளிர்நாடுகளில் வளரும் ஸ்புரூஸ் மரம். அதன் நிறை சம அளவு நீரின் நிறையில் பாதிகூட இல்லை. அதன் நார்கள் நேராகவும் நீளமாகவும் ஓடுவதால், நிறையோடு ஒப்பிடும்போது அதன் வலிமை அதிகம். கணுவுள்ள துண்டையும் நார் சாய்ந்தோடும் துண்டையும் ஒதுக்கிவிடுவார்கள்.

அடுத்தது பசை. மூட்டுகளைத் தாங்குவது பெரும்பாலும் ஆணியன்று, பசையே. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் கழிவு மரத்துண்டுகள் இரண்டை அதே பசையால் ஒட்டி வைப்பார்கள். காய்ந்தபின் அதை உடைத்துப் பார்ப்பார்கள். மரம் பிளந்தால் பசை நல்லது. ஒட்டிய இடம் விட்டுப்போனால் அன்றைய வேலையை நம்ப முடியாது.

இறுதியாக இறக்கைச் சட்டகத்தின்மேல் பொலியெஸ்டர் துணியை ஒட்டி, துணி அழுத்தும் மின்னழுத்தியால் சூடுகாட்டுவார்கள். துணி சுருங்கி, றபானின் தோல்போல் விறைத்துக்கொள்ளும். அதன்பின் உள்ளேயுள்ள மூட்டுகள் கண்ணுக்குத் தெரியா. எனவே துணி போர்த்துமுன் ஒவ்வொரு மூட்டையும் பார்த்துவிட வேண்டும். மேற்சொன்ன சட்டத்தின்படி அங்கு இந்த விமானங்களைப் பரிசோதிக்க அரச அதிகாரி எவரும் வருவதில்லை. செய்தவரே பரிசோதகர், தவறிருந்தால் விழுபவரும் அவரே.

இந்தப் பாடம் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திப் பறக்க முயன்றார் என வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார். சிறிது தூரம் பறந்தவர் தரையிறங்கும்போது முதுகில் காயமடைந்தார். பறவை இறங்குவதற்கு வால் உதவுகிறது என்பதை அவர் கவனிக்கவில்லையாம். இறக்கையை நினைத்தவர் வாலை மறந்தார்.

எமது அயலிலும் ஒரு முயற்சி நடந்தது. 1910 மார்ச்சில் சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த த ஆஞ்சலிஸ் என்பவர் தாமே வரைந்த விமானத்தை, குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்சன் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே பொதுமக்களுக்குக் காட்டினார்.

அதே ஆண்டில் அயர்லாந்தில் லிலியன் பிளாண்ட் என்ற பெண் தாமே வடிவமைத்து, தாமே செய்து, தாமே பறந்தார். முதலில் இயந்திரமில்லாத மிதவை விமானமொன்றை மரத்தாலும் துணியாலும் செய்தார். அது இயந்திரத்தின் பாரத்தைத் தாங்குமா? நான்கு பொலிஸாரையும் தோட்டத்தில் வேலைசெய்த இளைஞனையும் அதைப் பிடித்துக்கொள்ளச் செய்து, குன்றின்மேல் காற்றில் விட்டார். ஐவரையும் அது தூக்கியது! அதன் பிறகே இயந்திரத்துக்குச் சொல்லியனுப்பினார். இயந்திரம் வந்தது, பெற்றோல் தாங்கி வரவில்லை. ஒரு வெற்றுப் போத்தலையும், காது மந்தமான அவரது மாமி பயன்படுத்திய செவிக்குழலையும் இணைத்துப் பெற்றோல் ஊற்றி இயக்கிப் பார்த்தார். 1910 ஓகஸ்டில் அந்த விமானம் தரையைவிட்டு எழுந்தது.

அவரது தந்தை பயந்தார். பறப்பதை நிறுத்தினால் மோட்டார் கார் வாங்கித் தருவதாகச் சொன்னார், மகளும் இணங்கினார். அந்தப் பயத்தை நாம் குறைகூற முடியாது. அக்காலத்தில் பறந்தவர்களில் பலர் இளவயதிலேயே மாண்டனர். லிலியனோ 92 வயதுவரை வாழ்ந்தார்.

எமது நாட்டில் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதியின்றி எவரும் விமானம் செலுத்த முடியாது, அது நல்லதே. ஆனால் உங்கள் மகள் உடைந்த மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கிறாளா? பலகைத் துண்டுகளை ஒட்டி ஏதோ செய்கிறாளா? தடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள்: “ஒட்டியதை இழுத்துப் பார்த்தாயா, மகள்?”